ஆயா மலை ஏறுவதற்கு முன்

சித்தூருக்குப் பக்கத்தில் ஓர் ஊர். கரும்பு விளையும் ஊர். வெல்லம் காய்ச்சும் ஊர். அந்த ஊரில் ஓர் ஆயா இருக்கிறார். அந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகள் பலவற்றில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயாவுக்கு வயது 58.

போன வருஷம் ஆயாவின் மகன் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்தான். தலையில் பலத்த அடி. ஒன்பது நாள் கண் திறக்கவில்லை. ஆயா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். அங்கே உட்கார்ந்துதான் வேண்டிக்கொண்டார்.

“ஏழுமலையானே! என் பிள்ளை கண் திறக்கட்டும். அலிபிரியில் இருந்து நடந்தே உன் மலைக்கு வரேன்.”

பத்தாம் நாள் மகன் கண் திறந்தான். இப்போது வேலைக்கும் போகிறான்.

கடன் வைத்துக்கொள்வது ஆயாவுக்குப் பிடிக்காது. மனிதரிடம் பட்ட கடனானாலும் சரி, சாமியிடம் பட்ட கடனானாலும் சரி. புரட்டாசியில் மலை ஏறுவது என்று முடிவு செய்தார். அப்போது ஆனி மாதம். “இன்னும் மூணு மாசம் இருக்கு. தினமும் நடந்து பழகிக்கறேன்” என்றார்.

மறுநாள் விடியற்காலையில் கிளம்பினார். ஏரிக்கரை வரை போய்த் திரும்பினால் ஆறு கிலோமீட்டர். முதல் நாளே முழுத் தூரமும் நடந்தார். இரண்டாம் நாளும் நடந்தார். மூன்றாம் நாள் வலது முட்டி வீங்கிவிட்டது. நான்காம் நாள் கட்டிலில் இருந்து இறங்க மருமகள் கை கொடுக்க வேண்டியிருந்தது.

“மலை ஏற எனக்குக் கொடுத்து வைக்கலை” என்று ஆயா அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்தாள். மகள் வயிற்றுப் பேத்தி. திருப்பதியில் இயன்முறை மருத்துவம் படிக்கிறாள். பிசியோதெரபி என்று சொல்கிறார்களே, அந்தப் படிப்பு. சித்தூரில் இருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். முன்பு இரண்டும் ஒரே மாவட்டம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. ஆனாலும் பஸ் ஏறினால் ஒரு காலைப் பொழுதுக்குள் வந்துவிடலாம்.

பேத்தி முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

“ஆயா, சந்தைக்குக் கறவை மாடு வாங்கப் போறே. என்ன பண்ணுவே?”

“பல்லைப் பிடிச்சுப் பார்ப்பேன். நடக்கவிட்டுப் பார்ப்பேன். நொண்டுதா, குளம்பு சரியா இருக்கான்னு பார்ப்பேன்.”

“மாட்டுக்குப் பார்க்கிறதை உனக்குப் பார்த்தியா?”

ஆயாவால் பதில் சொல்ல முடியவில்லை.

“தினமும் வேலை செய்யற உடம்பு கண்ணு. இதுல பார்க்க என்ன இருக்கு?” என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

இப்படித்தான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். வேலை செய்கிற உடம்பு எல்லா வேலைக்கும் தயாராக இருக்கும் என்று நினைக்கிறோம். அது சரியல்ல. ஒவ்வொரு வேலையும் உடம்பின் சில அசைவுகளை மட்டும்தான் பழக்குகிறது. களை எடுப்பவருக்கு இடுப்பு வளையும். அவருக்குப் படி ஏறும் பலம் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தையல் மிஷின் மிதிப்பவருக்குக் கணுக்கால் நன்றாக அசையும். தோளைத் தூக்கச் சொன்னால் தடுமாறுவார்.

ஆயா என்ன வேலை செய்கிறார்? காலையில் இட்லிக் கடை. அடுப்பு மேடை மேலே இருக்கிறது. நின்றபடி மாவு ஊற்றுவார். மற்ற நேரம் பிளாஸ்டிக் நாற்காலி. ராத்திரி கட்டில். தரையில் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கே நினைவில்லை.

மலைப்பாதை எப்படிப்பட்டது?

1944இல் திருமலைக்கு மோட்டார் ரோடு வந்தது. அதற்கு முன் எல்லோரும் நடந்துதான் போனார்கள். முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போனார்கள். இன்றும் நடந்து ஏறுகிறவர்கள் ஏராளம். அலிபிரி பாதையில் 3,550 படிகள். தூரம் சுமார் 9 கிலோமீட்டர். ஸ்ரீவாரி மெட்டு என்று இன்னொரு பாதை சந்திரகிரி பக்கம் இருக்கிறது. அதில் 2,388 படிகள். தூரம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தூரம் குறைவு. ஆனால் கிட்டத்தட்ட முழுக்கவும் படிதான்.

அலிபிரி பாதையில் பாதிக்கு மேற்பட்ட படிகள் காலி கோபுரத்துக்கு முன்பே வந்துவிடும். காலி என்றால் தெலுங்கில் காற்று. அதுவரைதான் மூச்சு வாங்கும். பிறகு சமதரை நிறைய வரும். மான்களைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். ‘இனிமேல் கஷ்டம் இல்லை’ என்று நினைக்கும்போது மோகாள்ள மெட்டு வரும். மோகாளு என்றால் முழங்கால். மலையைக் காலால் மிதிக்க மனம் இல்லாமல் இராமானுசர் இங்கே முழங்காலால் ஏறினார் என்று சொல்வார்கள். களைத்த காலுக்கு அந்தச் செங்குத்தான படிகள் பெரிய சோதனை.

பேத்தி ஒரு கணக்குச் சொன்னாள்.

“படி ஏறும்போது ஒரு கால் மேல் படியில் இருக்கும். இன்னொரு கால் காத்துல இருக்கும். அந்த நேரம் உன் முழு எடையையும் ஒரே கால்தான் தாங்குது. 3,550 படின்னா எத்தனை தடவை ஒத்தைக் கால்ல நிக்கணும்?”

ஆயா முதியோர் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். கணக்கும் வரும். “3,550 தடவை. ரெண்டா வகுத்தா ஒரு காலுக்கு 1,775” என்றார். சொல்லிவிட்டு வலது முட்டியைத் தடவிக்கொண்டார்.

முதலில் வாய் சொல்லட்டும்

வீக்கம் வடிய இரண்டு வாரம் ஆயிற்று. பேத்தி மறுபடி வந்தாள். ஒரு நோட்டும் பேனாவும் ஆயா கையில் கொடுத்தாள். “நான் எழுத மாட்டேன். நீயே எழுது” என்றாள்.

உடம்பை அசைத்துப் பார்ப்பதற்கு முன் சில கேள்விகள் கேட்க வேண்டும். 1970களில் கனடா நாட்டில் இதற்காக ஏழு கேள்விகளைத் தயார் செய்தார்கள். பிறகு அவை உலகம் எங்கும் பரவின. அவற்றின் சாரம் இதுதான். உங்களுக்கு இதய நோய் இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறாரா? வேலை செய்யும்போது நெஞ்சு வலிக்கிறதா? சும்மா இருக்கும்போது, இந்த ஒரு மாதத்தில், நெஞ்சு வலித்ததா? தலை சுற்றி விழுந்ததுண்டா, மயக்கம் வந்ததுண்டா? அசைந்தால் மோசமாகக்கூடிய எலும்பு, மூட்டு நோய் இருக்கிறதா? இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா? உடற்பயிற்சி செய்யக் கூடாது என்பதற்கு வேறு காரணம் ஏதாவது உண்டா?

ஒரு கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தாலும் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். பயிற்சி பிறகு.

ஆயா ஆறு கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினார். மூட்டுக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று எழுதினார்.

திண்ணையில் தாத்தா உட்கார்ந்திருந்தார். வயது 63. ஆலையில் வெல்லம் காய்ச்சுகிறவர். பெரிய கொப்பரையில் பாகு கிண்டிக் கிண்டிக் கை இரும்பு மாதிரி இருக்கும். கேள்விகளைக் கேட்டுச் சிரித்தார்.

“எனக்கு ஏழுக்கும் இல்லைதான். நான் இன்னைக்கே ஏறுவேன். உங்க ஆயாவுக்குத்தான் பரீட்சை வைக்கணும்.”

ஆயாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். இரத்த அழுத்தம் சரியாக இருந்தது. சர்க்கரையும் சரி. 140க்கு 90 என்ற அளவை எட்டினால் இரத்த அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். ஆயாவுக்கு அதற்குக் கீழேதான் இருந்தது. டாக்டர் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். “மூட்டு கெடலை. தொடையில் பலம் இல்லை. பழக்கம் இல்லாம ஒரேயடியா நடந்திருக்கீங்க. மெதுவா ஆரம்பிங்க” என்றார்.

2024 அக்டோபரில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஓர் அறிவிப்புச் செய்தது. 60 வயது கடந்தவர்கள் நடந்து ஏறுவது நல்லதல்ல என்றது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு, மூட்டு நோய், இதய நோய் உள்ளவர்களையும் மிகவும் பருத்த உடம்பு உள்ளவர்களையும் தவிர்க்கச் சொன்னது. நோயோடு ஏறிப் பாதி வழியில் விழுகிறவர்கள் இருப்பதால்தான் இப்படிச் சொல்ல வேண்டி வந்தது. பக்தி குறைந்துபோகும் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். பஸ்ஸில் போனாலும் அதே சாமிதான்.

உடம்பு செய்யும் திருட்டு

“தரையில உட்காரு ஆயா. உட்கார்ந்து எழுந்திரு. அவ்வளவுதான்” என்றாள் பேத்தி.

ஆயா சுவரைப் பிடித்தார். வலது கையைத் தரையில் ஊன்றினார். இடது முட்டியைத் தரையில் வைத்தார். தொப்பென்று உட்கார்ந்தார். எழும்போது இரண்டு கையும் ஊன்றி, ஒரு பக்கம் திரும்பி, மருமகளின் புடவையைப் பிடித்து எழுந்தார்.

இந்தச் சோதனையைப் பெரிதாக ஆராய்ந்தவர்கள் பிரேசில் நாட்டு டாக்டர்கள். 51 முதல் 80 வயது வரை உள்ள 2,002 பேரை இப்படி உட்கார்ந்து எழச் சொன்னார்கள். உட்கார 5 மார்க், எழ 5 மார்க். கை, முட்டி என்று ஒவ்வொன்றை ஊன்றும்போதும் ஒரு மார்க் குறையும். தள்ளாடினால் அரை மார்க் குறையும். 2012இல் முடிவை வெளியிட்டார்கள். குறைந்த மார்க் வாங்கியவர்களில் அடுத்த சில ஆண்டுகளில் இறந்தவர்கள் அதிகமாக இருந்தார்கள். தரையில் உட்கார முடியாததால் யாரும் சாவதில்லை. பலம், வளையும் தன்மை, நிதானம் மூன்றும் குறைந்துவிட்டன என்பதற்கு அது அடையாளம். நம் முன்னோர் சாப்பிடவும் பேசவும் தூங்கவும் தரையில்தான் உட்கார்ந்தார்கள். ஒரு நாளைக்கு இருபது முறை இந்தப் பரீட்சையை எழுதினார்கள். பிளாஸ்டிக் நாற்காலி வந்து அதை நிறுத்திவிட்டது.

ஆயா நோட்டில் எழுதினார்: ‘தரை – 10க்கு 4.’

“இத்தனை நாள் இது தெரியலையே” என்றார்.

“தெரியாதபடி உடம்பு பார்த்துக்கிச்சு” என்றாள் பேத்தி.

இது முக்கியமான விஷயம். நம் உடம்பு கெட்டிக்காரத்தனமானது. ஓர் இடத்தில் பலம் குறைந்தால் இன்னோர் இடத்தில் இருந்து திருடிக்கொள்ளும். தொடைக்குப் பலம் இல்லையா? எழும்போது கை முட்டியை அழுத்தும். இடுப்பு வளையவில்லையா? முதுகு அதிகமாக வளையும். ஒரு கால் வலிக்கிறதா? மற்றக் கால் கூடுதல் எடையை வாங்கிக்கொள்ளும். இவை எல்லாம் நமக்குத் தெரியாமலே நடக்கும். வேலை நடந்துவிடும். கடனுக்கு வாங்கிய இடம் மட்டும் மெல்ல மெல்லத் தேயும். ஒருநாள் ஆறு கிலோமீட்டர் நடக்கும்போது அது கணக்குக் கேட்கும்.

அதனால் உடம்பைச் சோதிக்கும்போது ‘முடிகிறதா’ என்று மட்டும் பார்க்கக் கூடாது. ‘எப்படி முடிகிறது’ என்று பார்க்க வேண்டும். நம்மை நாமே பார்க்க முடியாது. பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

அடுத்து நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சறுக்கும். கை இல்லாத மர நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டார்கள். உட்காரும் பலகை முட்டி உயரம், ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அரை நிமிஷத்தில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 60 முதல் 64 வயது வரை உள்ள பெண்கள் 12 முறைக்குக் குறைவாக எழுந்தால் கால் பலம் குறைவு என்று அமெரிக்காவில் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆண்களுக்கு 14.

ஆயா 58 வயதில் எழுந்தது 8 முறை.

எண்ணிக்கையை மருமகள் பார்த்துக்கொண்டாள். பேத்தி முட்டியைப் பார்த்தாள். எழும்போது வலது முட்டி உள்பக்கம் சாய்ந்தது. உடம்பு முழுவதும் வலது பக்கம் போயிற்று. இடது கால் சும்மா துணைக்கு நின்றது.

“ஏன் ஆயா எல்லா பாரத்தையும் வலது காலுக்கே கொடுக்கிறே?”

“அப்படியா செய்யறேன்?”

சுவர் சொன்ன செய்தி

பேத்தி ஆயாவைச் சுவர் அருகே நிறுத்தினாள். கால் பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவில் நாலு விரல் இடம் விடச் சொன்னாள். குதிகாலைத் தரையில் இருந்து தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். வலது கால் தொட்டது. இடது கால் தொடவில்லை. தொட முயன்றபோது குதிகால் மேலே வந்துவிட்டது.

அப்போதுதான் மருமகளுக்கு ஞாபகம் வந்தது. “அத்தை, பத்து வருஷத்துக்கு முன்னாடி வரப்புல கால் பிசகிச்சே! புத்தூர்க் கட்டு போட்டுக்கிட்டு வந்தீங்களே!”

ஆமாம், இடது கணுக்கால். கட்டு அவிழ்த்தார்கள். வலி போயிற்று. அத்துடன் ஆயா அதை மறந்துவிட்டார். கட்டில் இருந்த கணுக்காலை அதன் பிறகு அசைத்துப் பழக்கவில்லை. அது இறுகிப் போயிற்று. இறுகிய இடது காலுக்கு வேலை கொடுக்காமல் ஆயாவின் உடம்பு பத்து வருஷமாக வலது காலிலேயே சாய்ந்து நடந்திருக்கிறது. வலித்தது வலது முட்டி. குறை இருந்தது இடது கணுக்காலில்.

எல்லா முட்டி வலிக்கும் இதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் வலிக்கும் இடத்தில் மட்டும் தைலம் தேய்த்துக்கொண்டு இருப்பவர்கள் ஒருமுறை மேலேயும் கீழேயும் பார்ப்பது நல்லது.

ஒற்றைக் காலில் நிற்பதும் இருந்தது. சுவர் ஓரமாக நிற்க வேண்டும். விழப்போனால் பிடித்துக்கொள்ளலாம். ஒரு பாதத்தை மற்றக் காலின் பின்னால் ஒட்டி வைத்து, நேரே பார்த்து, 10 எண்ணும் வரை நிற்க வேண்டும். 51 முதல் 75 வயது வரை உள்ள 1,702 பேரை இப்படி நிற்க வைத்துப் பார்த்த முடிவு 2022இல் வெளிவந்தது. ஐந்தில் ஒருவரால் 10 விநாடி நிற்க முடியவில்லை. ஆயா வலது காலில் 9 எண்ணும் வரை நின்றார். இடது காலில் 3.

தாத்தா ஏறிய மாடிப்படி

கடைசியில் மூச்சு. பள்ளிக்கூடத்து மாடிப்படி நாற்பது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் இல்லை.

“சாதாரணமா ஏறு. ஏறும்போதே ‘ஏழுமலையானே கோவிந்தா’ன்னு சொல்லிக்கிட்டு வா. ஒரே மூச்சில முழுசா சொல்ல முடிஞ்சா சரியான வேகம். நடுவுல மூச்சு அறுந்தா வேகம் அதிகம். நிக்கணும்.”

மலைப்பாதையில் எல்லோரும் கோவிந்தா போட்டுக்கொண்டுதான் போகிறார்கள். அதுவே நல்ல அளவுகோல். கருவி வேண்டாம், காசு வேண்டாம். பேச முடிகிற வேகமே உடம்புக்கு ஏற்ற வேகம்.

ஆயா முப்பதாவது படி வரை சொன்னார். பிறகு நின்றார். மூச்சு வாங்கியது. இரண்டு நிமிஷத்தில் சரியாயிற்று. மணிக்கட்டில் நாடி பிடித்து, அரை நிமிஷம் எண்ணி, இரண்டால் பெருக்கி எழுதிக்கொண்டார்.

அதற்குள் தாத்தா பொறுமை இழந்தார். “இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? பாருங்க” என்று விறுவிறு என்று ஏறினார். இரண்டு இரண்டு படியாகத் தாண்டினார். மேலே போனவர் திரும்பவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோவிந்தாவும் வரவில்லை, வேறு பேச்சும் வரவில்லை. முகம் வேர்த்தது. ஒரு கை நெஞ்சின் நடுவில் இருந்தது.

பேத்தி ஓடினாள். அவரை உட்கார வைத்தாள்.

“ஒண்ணுமில்லைம்மா. காஸ். கொஞ்சம் நின்னா போயிடும்.”

“எத்தனை நாளா இருக்கு தாத்தா?”

தாத்தா சொல்லவில்லை. ஆயா சொன்னார். “கரும்பு வண்டி தள்ளும்போதெல்லாம் இப்படித்தான் நிப்பார். சோடா குடிப்பார். நாலு மாசமா இருக்கு.”

ஏழு கேள்விக்கும் ‘இல்லை’ என்று சொன்னவர் இவர்தான். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது நெஞ்சு வலி இல்லை, காஸ். பாரம் தூக்கினால் வந்து, நின்றால் போய்விடும் நெஞ்சு இறுக்கத்தை ‘காஸ்’ என்று நினைத்துக்கொள்பவர்கள் பலர். வயிற்றுக் கோளாறுக்குப் பாரம் தூக்குவதும் தெரியாது, நிற்பதும் தெரியாது. உழைக்கும்போது வந்து ஓய்வில் போகிற இறுக்கம் என்றால் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். பீடி பிடிப்பவர் என்றால் இன்னும் அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும். தாத்தா ஒரு நாளைக்கு ஒரு கட்டு பிடிப்பவர். இறுக்கம் ஓய்வெடுத்தும் போகவில்லை என்றால், தோளுக்கோ தாடைக்கோ இடது கைக்கோ பரவினால், காத்திருக்கக் கூடாது. உடனே 108க்குப் போன் செய்ய வேண்டும்.

மறுநாளே சித்தூரில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். படுக்க வைத்து எடுத்த ஈ.சி.ஜி. சரியாகவே இருந்தது. “பார்த்தியா!” என்றார் தாத்தா. டாக்டர் விடவில்லை. சும்மா படுத்திருக்கும்போது இதயத்துக்கு வேலை குறைவு, அடைப்பு இருந்தாலும் ஈ.சி.ஜி.யில் தெரியாமல் போகலாம் என்றார். திருப்பதிக்கு அனுப்பினார். அங்கே ஓடும் பட்டையில் நடக்க வைத்து ஈ.சி.ஜி. எடுத்தார்கள். சில நிமிஷத்திலேயே நிறுத்திவிட்டார்கள். பிறகு இரத்தக் குழாயைப் படம் பிடித்தார்கள். ஒரு குழாயில் பெரிய அடைப்பு. சிறிய வலைக்குழாய் வைத்துத் திறந்தார்கள். அதை ஸ்டென்ட் என்று சொல்வார்கள்.

வீட்டில் பலசாலி யார், பலவீனமானவர் யார் என்று எல்லோரும் ஒரு முடிவோடு இருந்தார்கள். அந்த முடிவு தலைகீழாகிவிட்டது. தாத்தா அன்று அலிபிரியில் ஏறத் தொடங்கியிருந்தால் காலி கோபுரத்தை அடைந்திருப்பாரா என்று ஆயா பல நாள் யோசித்தார். யோசிக்கும்போதெல்லாம் கழுத்தில் இருக்கும் தாலியைத் தொட்டுக்கொள்வார்.

ஆயாவின் நோட்டு

இப்போது ஆயாவுக்கு எங்கே தொடங்குவது என்று தெரிந்தது. ஆறு கிலோமீட்டரில் அல்ல, இடது கணுக்காலில்.

தினமும் காலையும் மாலையும் சுவரில் முட்டியைத் தொடும் பயிற்சி. இடது காலுக்கு 10 முறை, வலது காலுக்கு 5 முறை. நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் 5 முறை எழுவது, சற்று ஓய்வு, மறுபடி 5 முறை. எழும்போது இரண்டு பாதமும் ஒரே மாதிரி அழுத்துகிறதா என்று கவனிக்க வேண்டும். கீழே எடை பார்க்கும் மிஷின் இருப்பதுபோல நினைத்துக்கொள் என்றாள் பேத்தி. இட்லி வேகும் நேரத்தில் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. பல் தேய்க்கும்போது வாசற்படி நிலையைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பது. நடை 10 நிமிஷம் மட்டும். வாரம் ஒருமுறை 5 நிமிஷம் கூட்டலாம்.

கூட்டலாமா வேண்டாமா என்பதை மறுநாள் காலை சொல்லும். பயிற்சியின்போது தசை இழுப்பதும் லேசாக வலிப்பதும் பரவாயில்லை. மறுநாள் காலையில் மூட்டு வலி முந்தின நாளைவிட அதிகமாக இருந்தால், வீங்கியிருந்தால், நேற்றுச் செய்தது அதிகம். பாதியாகக் குறைக்க வேண்டும். மூட்டு சூடாக இருந்தாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது திடீரென்று மடிந்துபோனாலோ டாக்டரிடம் போக வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் சேர்ந்துகொண்டார். அவருக்குச் சர்க்கரை நோய். அவருடைய பாதத்தில் பேத்தி விரல் வைத்து, கண்ணை மூடச் சொல்லி, “எங்கே தொடறேன்?” என்று கேட்டாள். இரண்டு இடத்தில் அவருக்குத் தெரியவே இல்லை. அப்படிப்பட்டவர்கள் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. கல் சுட்டாலும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது. மலைக்கு வெறுங்காலில் போவது வழக்கம். அந்தப் பெரியம்மா பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று அன்றே முடிவாயிற்று.

புரட்டாசி வந்தது. ஆயா நோட்டைப் புரட்டினார். நாற்காலி 8இல் இருந்து 10 ஆகியிருந்தது. இடது காலில் நிற்பது 3இல் இருந்து 6. மாடிப்படி நாற்பதும் கோவிந்தாவோடு ஏறினார். ஆனால் இரண்டாம் முறை ஏறும்போது மூச்சு அறுந்தது.

“போகலாமா?” என்று கேட்டார்.

“நீயே சொல்லு. நோட்டு உன் கையில இருக்கு” என்றாள் பேத்தி.

ஆயா வெகுநேரம் அந்த எண்களைப் பார்த்தார். பிறகு நோட்டை மூடினார். “நடந்து வரேன்னுதான் சாமிகிட்ட சொன்னேன். இந்த மாசம் வரேன்னு சொல்லலையே” என்றார்.

தை மாதம், வெயில் ஏறாத ஒரு விடியற்காலை, அலிபிரியில் தேங்காய் உடைத்துவிட்டு ஆயா முதல் படியில் கால் வைத்தார். கூடவே மகனும் பேத்தியும். அதற்கு முந்தின வாரம் நோட்டில் எழுதியிருந்தது: நாற்காலி 14, இடது கால் 12, வலது கால் 15, தரை 7. பள்ளிக்கூடத்து மாடியை ஐந்து முறை ஏறி இறங்கியும் கோவிந்தா அறுபடவில்லை.

ஐம்பது படிக்கு ஒருமுறை நின்றார். இளைஞர்கள் தாண்டிப் போனார்கள். போகட்டும் என்று விட்டார். காலி கோபுரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தார், தரையில். மோகாள்ள மெட்டில் மகன் கை நீட்டினான். “வேண்டாம்டா” என்றார். பக்கச் சுவரைத் தொட்டுக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார்.

தாத்தா காலையிலேயே பஸ்ஸில் மேலே வந்துவிட்டார். பீடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. பாதை முடியும் இடத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். ஆயாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

இறங்கும்போது எல்லோரும் பஸ்ஸில்தான் இறங்கினார்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முட்டியின் முன்பக்கத்துக்குப் பாரம் அதிகம் என்று பேத்தி முன்பே சொல்லியிருந்தாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஆயா நோட்டை எடுத்தார். வளைவுகளில் பஸ் ஆடியதால் எழுத்தும் ஆடியது.

‘படி 3,550. நேரம் 6 மணி. வலது முட்டி – கொஞ்சம் வலி. இடது கால் – வலி இல்லை. நாளைக் காலை பார்க்கணும்.’